வாயில் குழாய் உள்ளவரின் பேச்சு

கேள்வி: நான் ஓர் அரசு மருத்துவமனையின் மெடிக்கல் ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பாம்புக்கடி, பூச்சிமருந்து, நிமோனியா, பக்கவாதம் என்று வருகிறவர்கள்தான் எங்களிடம் அதிகம். வென்டிலேட்டர் மாட்டிய பிறகு, மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் ஏதோ சொல்லப் பார்க்கிறார்கள். உதடு அசைகிறது, குழாயைக் கடிக்கிறார்கள், கையால் கட்டிலைத் தட்டுகிறார்கள். எனக்கு ஒன்றும் புரிவதில்லை. “சரிங்க, சரிங்க, அமைதியா இருங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போகிறேன். அவர்கள் இன்னும் பதறுகிறார்கள், அலாரம் அடிக்கிறது. கடைசியில் கையைக் கட்டுகிறோம், அல்லது தூக்க மருந்தைக் கூட்டலாமா என்று டாக்டரிடம் கேட்கிறோம்.

சிலர் அசைவே இல்லாமல் கிடக்கிறார்கள். அவர்களிடமும் பேச வேண்டும் என்று படிக்கும்போது சொல்லிக்கொடுத்தார்கள். பேசினால் கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். எழுதிக் காட்டச் சொல்லலாம் என்றால் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. தெரிந்தவருக்கும் கை நடுங்குகிறது. வடமாநிலத் தொழிலாளர்கள் வந்தால் மொழியே தெரியாது. ஒரு ஷிஃப்டில் இரண்டு மூன்று பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது. கருவி எதுவும் கிடையாது. நான் என்ன செய்ய முடியும்?

— ஒரு ஸ்டாஃப் நர்ஸ் (பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

குழாய் போட்டவர் கண் திறந்ததும் அவருக்குத் தெரிய வேண்டிய முதல் செய்தி, தனக்கு ஏன் குரல் வரவில்லை என்பதுதான். நமக்கு அது பாடப்புத்தகத்தின் முதல் பக்கம். குழாய் இரண்டு குரல்நாண்களுக்கும் நடுவே இறங்குகிறது. அதற்குக் கீழே, குழாயைச் சுற்றிய காற்றுப்பையான கஃப் ஊதியிருக்கிறது. மூச்சுக்காற்று முழுக்கக் குழாய் வழியே போய் வருவதால் குரல்நாண்களில் காற்றே படுவதில்லை. படுத்திருப்பவருக்கு இதில் ஒரு சொல்லும் தெரியாது. வாயைத் திறந்து முழுப் பலத்தோடு மகளைக் கூப்பிடுகிறார், சத்தம் வரவில்லை. பேச்சு போய்விட்டது, வாதம் வந்துவிட்டது, இனி இப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறார். நீங்கள் பார்க்கும் பதற்றத்தில் பெரும்பகுதி அங்கேதான் தொடங்குகிறது.

அதனால் முகத்துக்கு நேராகக் குனிந்து, அவர் கண் உங்கள் கண்ணில் நின்ற பிறகு, மெதுவாகச் சொல்லுங்கள்: “ஐயா, நான் சிஸ்டர். இது ஆஸ்பத்திரி. மூச்சு விட உதவியா வாயில ஒரு குழாய் வச்சிருக்கோம். அதனாலதான் பேச முடியல. குரல் எங்கயும் போயிடல. குழாய எடுத்ததும் பேச்சு வந்துடும். இப்ப ராத்திரி பத்து மணி. உங்க பையன் வெளியிலதான் இருக்கார்.” இவ்வளவும் அரை நிமிடம் பிடிக்காது. ஆனால் ஒருமுறை சொன்னால் போதாது. மிடசோலம் போன்ற மருந்துகள் அந்த நேரத்து நினைவை அழித்துவிடும். அவர் விழிக்கும் ஒவ்வொரு முறையும் அதுவே அவருக்கு முதல் முறை. நீங்களும் முதல் முறை சொல்வதுபோலவே சொல்ல வேண்டும். பக்கவாதத்தால் வந்தவருக்கு மட்டும், பேச்சு திரும்பும் என்ற வாக்குறுதியைக் கொடுக்குமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மூளையில் பேச்சுக்கான இடமே பாதிக்கப்பட்டிருக்கலாம்.

அடுத்த வேலை ஒரு நல்ல ‘ஆம்’, ஒரு நல்ல ‘இல்லை’. இதை நான் மிகவும் வற்புறுத்துவேன். உங்கள் ஷிஃப்டின் முதல் சுற்றிலேயே, மானிட்டரைப் பார்த்து எண்களைக் குறிக்கும் அதே நேரத்தில், இதையும் முடித்துவிடுங்கள்.

தலையாட்டச் சொல்வதுதான் நம் வழக்கம். அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. தலை அசையும்போது குழாயும் அசைந்து இருமல் வரும். இரண்டாவது, நம் ஊரில் ‘ஆமாம்’ என்பதற்குத் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறவர்களும் உண்டு, பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து ஆட்டுகிறவர்களும் உண்டு. கழுத்தைச் சுற்றி டேப் கட்டித் தலையணையில் அழுந்திக் கிடப்பவர் அப்படிச் சாய்த்தால், பார்ப்பவருக்கு அது ‘இல்லை’ போலவே தெரியும். வலிக்கிறதா என்று கேட்டு, அவர் ஆமாம் சொல்லி, நாம் இல்லை என்று எழுதிக்கொண்டு போய்விடுவோம். கண் சிமிட்டச் சொல்வதும் அப்படித்தான். எல்லோரும் நம்மை அறியாமல் சிமிட்டிக்கொண்டேதான் இருக்கிறோம். கையைப் பிடித்து அழுத்தச் சொன்னால், மூளை பாதித்த சிலருக்கு உள்ளங்கையில் எது பட்டாலும் விரல் தானாக மடங்கும். அழுத்தச் சொன்னதோடு ‘இப்ப விடுங்க’ என்றும் சொல்லிப் பாருங்கள். சொன்னதும் விட்டால்தான் அது பதில்.

ஆகவே அந்த நோயாளிக்கு எது நிச்சயமாக முடிகிறது என்று பார்த்து, இரண்டு வேறு வேறு அசைவுகளை ஒதுக்கிக் கொடுங்கள். ஆம் என்றால் வலது கட்டைவிரலைத் தூக்குவது, இல்லை என்றால் கண்ணை இறுக்கி மூடுவது. கை வராதவருக்கு ஆம் என்றால் மேலே பார்ப்பது, இல்லை என்றால் கீழே பார்ப்பது. பிறகு சோதித்துப் பாருங்கள். டெலிரியம் (நோயால் வரும் மனக்குழப்பம்) இருக்கிறதா என்று பார்க்க உலகம் முழுக்கப் பயன்படும் கேம்-ஐசியூ முறையில் சில எளிய கேள்விகள் உண்டு: கல் தண்ணீரில் மிதக்குமா? கடலில் மீன் இருக்குமா? ஒன்றுக்குப் பதில் இல்லை, மற்றதற்கு ஆம். இரண்டையும் சரியாகச் சொல்கிறார் என்றால், அவருடைய ‘வலிக்கிறது’ என்ற பதிலையும் நீங்கள் நம்பலாம். தவறாகச் சொன்னால் சிறிது நேரம் கழித்து மறுபடி கேளுங்கள். டெலிரியம் ஏறி இறங்கும். காலையில் குழம்பியவர் மாலையில் தெளிவாக இருக்கலாம்.

இப்படிக் கண்டுபிடித்ததை ஒரு அட்டையில் எழுதிக் கட்டிலின் தலைமாட்டில் ஒட்டுங்கள்: “ஆம் — வலது கட்டைவிரல். இல்லை — கண்ணை இறுக்குவார். இடது காது கேட்காது. கண்ணாடி தேவை.” கேஸ் ஷீட்டிலும் எழுதுங்கள். ஹேண்டோவரில் ரத்த அழுத்தம், யூரின் அளவு சொல்லும்போது இதையும் சொல்லுங்கள். இந்த ஒரு வரி இல்லாததால்தான் ஒவ்வொரு ஷிஃப்டிலும் நோயாளி முதலிலிருந்து தொடங்குகிறார். காலை சிஸ்டருக்குப் புரிந்துவிட்டது, மதியம் வந்தவருக்குப் புரியவில்லை, இரவு வந்தவர் கையைக் கட்டிவிட்டார் என்று ஆகிறது.

கண்ணாடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஐசியூ வாசலில் நோயாளியின் கண்ணாடி, பல்செட், காது கேட்கும் கருவி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அட்டெண்டரிடம் கொடுத்து அனுப்புகிறோம். கண்ணாடியையும் காதுக் கருவியையும் முதலில் திரும்ப வாங்குங்கள். உங்கள் முகமே மங்கலாகத் தெரிகிறவரிடம் எந்த அட்டையைக் காட்டியும் பயனில்லை.

இனி கேள்வி கேட்கும் விதம். “என்ன வேணும்? என்ன செய்யுது?” என்று கேட்டால் அவரால் பதில் சொல்ல முடியாது. பெரிய பிரிவிலிருந்து சின்னதற்கு வாருங்கள். “உடம்பிலயா? வீட்டைப் பத்தியா? சிகிச்சையைப் பத்தியா? வேற ஏதாவதா?” உடம்பு என்றால், வலியா, மூச்சு முட்டுதா, சளி எடுக்கணுமா, தாகமா, குளிருதா, புரட்டிப் படுக்க வைக்கணுமா, யூரின் முட்டுற மாதிரி இருக்கா? வலி என்றால், நீங்கள் தலையிலிருந்து கால் வரை தொட்டுத் தொட்டுக் கேட்டுக்கொண்டே போங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. கேட்டுவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். மருந்தின் பிடியில் இருப்பவருக்குக் கேள்வி உள்ளே போய் விரலுக்கு வர நேரம் பிடிக்கும். நாம் அதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம், அவர் முதல் கேள்விக்குக் கட்டைவிரலைத் தூக்குகிறார். ‘வேற ஏதாவதா’ என்பதை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள். நாம் நினைத்துப் பார்க்காத ஒன்றைத்தான் பல நேரம் அவர் சொல்ல வருகிறார்: மாட்டை யார் அவிழ்த்துக் கட்டினார்கள், விபத்தில் கூட வந்தவர் உயிரோடு இருக்கிறாரா, இந்தச் செலவை யார் கட்டுகிறார்கள்.

யூரின் ட்யூப் போட்டவர்கள் பலருக்குச் சிறுநீர் முட்டுவதுபோல இருந்துகொண்டே இருக்கும். படுக்கையை நனைத்துவிடுவோம் என்ற கூச்சத்தில் அடக்கிக்கொண்டு தவிப்பார்கள். “அதுக்கும் குழாய் இருக்கு, தானா போயிடும்” என்று யாராவது சொன்னார்களா என்று பாருங்கள். பெரும்பாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

வலியைப் பற்றி மட்டும் ஓர் ஆய்வைக் குறிப்பிடுகிறேன். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் மேரி பெத் ஹேப் என்ற செவிலியர் ஆய்வாளரின் குழு, வென்டிலேட்டரில் விழிப்போடு இருந்த 30 நோயாளிகளும் 10 செவிலியர்களும் பேசிக்கொள்வதை வீடியோ எடுத்துப் பார்த்து 2011-இல் முடிவுகளை வெளியிட்டது. 86 விழுக்காடு பேச்சைத் தொடங்கியது செவிலியர்தான். பொதுவாகப் பேச்சு பெரும்பாலும் புரிந்தது. ஆனால் வலியைப் பற்றிய பேச்சில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் புரியாமலே முடிந்தது. படம், எழுத்து அட்டை போன்றவற்றை ஏறத்தாழ யாருமே பயன்படுத்தவில்லை. வசதி குறையாத ஐசியூவில் நடந்தது இது. ஆகவே கருவி இல்லாததுதான் தடை என்று நீங்கள் நினைக்க வேண்டாம்.

அசைவே இல்லாதவர்களிடம் பேசுவதைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் வார்டில் பாம்புக்கடி அதிகம் என்பதால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். பல நேரம் வலியும் இராது, வீக்கமும் இராது. விடியும்போது இமை தொங்கும், விழுங்க முடியாது, பிறகு மூச்சுத் தசைகளும் தளரும். அந்த நஞ்சு தாக்குவது நரம்பும் தசையும் சேரும் இடத்தை. மூளை முழு விழிப்போடு இருக்கும். கடுமையாகப் பாதித்தவருக்குக் கண்மணி விரிந்து, வெளிச்சம் பட்டாலும் சுருங்காமல் நிற்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் ஆழ்ந்த கோமா. ஜிசிஎஸ் என்ற நினைவு நிலை அளவைப் போட்டால் மிகக் குறைந்த எண் வரும். இப்படிப்பட்டவரை மூளைச்சாவு என்று நினைத்துவிட்டு, பின்னர் அவர் எழுந்து நடந்து வீட்டுக்குப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அந்த நாட்களில் அவர் தலைமாட்டில் நாம் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்துகொண்டிருந்தது.

ஆகவே பாம்புக்கடி நோயாளியின் இமையை உங்கள் விரலால் மெல்லத் தூக்கி, அவர் பார்வைக்கு நேரே உங்கள் முகத்தைக் கொண்டுபோய்ப் பேசுங்கள். “கண்ணு திறக்க முடியலன்னு பயப்படாதீங்க. விஷம் தசையைப் பிடிச்சிருக்கு. கொஞ்சம் கொஞ்சமா விடும். மெஷின் மூச்சு விடுது, நாங்க பக்கத்துல இருக்கோம்.” பிறகு ஒவ்வோர் இடமாகத் தேடுங்கள்: நெற்றி, விரல் நுனி, கால் கட்டைவிரல். யாருக்கு எது மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. சிலருக்கு ஒரு கால்விரல் மட்டும் அசையும். அது போதும், அதுதான் அவருடைய ‘ஆம்’. ஷீட்டில் ‘நினைவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘இமை தூக்க முடியவில்லை, சொன்னால் இடது கால்விரல் அசைக்கிறார்’ என்று எழுதுங்கள். இப்படி எழுதிய ஒரு வரி, மருத்துவர்கள் எடுக்கும் முடிவையே மாற்றக்கூடும்.

பூச்சிமருந்து உட்கொண்டு வருகிறவர்களிலும் இதுபோல் ஒரு கட்டம் உண்டு. இலங்கையைச் சேர்ந்த மருத்துவர்கள் சேனநாயக்கவும் கரலியத்தவும் 1987-இல் விவரித்தது: ஆர்கனோபாஸ்பேட் நஞ்சின் முதல் வேகம் அடங்கிய பிறகு, ஒன்று முதல் நான்கு நாளுக்குள் கழுத்துத் தசையும் தோள், இடுப்புத் தசைகளும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகும். நினைவு தெளிவாக இருக்கும், ஆனால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாது. இவரிடம்போய்த் தலையாட்டச் சொன்னால் பதில் வராது. கைவிரலைக் கேட்டால் வரும். அட்ரோபின் அதிகமானாலும் குழப்பமும் இல்லாதது தெரிவதும் உண்டு என்பதால், முன்பு சரியாகப் பதில் சொன்னவர் திடீரென்று காற்றில் எதையோ பிடிக்கத் தொடங்கினால் அதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவர்களைப் பற்றி இன்னொன்று. “ஏம்ப்பா இப்படிப் பண்ணே?” என்ற கேள்வியை இந்தப் படுக்கையருகே யாரும் கேட்கக் கூடாது. நீங்களும் கேட்க வேண்டாம், பார்க்க வரும் உறவினரையும் உள்ளே விடுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். ஆம், இல்லை என்ற இரண்டு பதில் மட்டுமே உள்ளவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது அடிப்பதற்குச் சமம். அவர் காதில் விழ வேண்டியது, “நாங்க இருக்கோம், நீ நல்லாயிடுவே, மத்ததெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்” என்பது மட்டும்தான். குழாய் எடுத்த பிறகு மனநல மருத்துவர் பேச வேண்டிய முறையில் பேசுவார்.

தசை தளர்த்தும் மருந்தில் இருப்பவரிடம் எந்தப் பதிலையும் எதிர்பார்க்க முடியாது. அப்போதும் சக்‌ஷனுக்கு முன், புரட்டுமுன், ஊசிக்கு முன் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். தொண்டைக்குள் ஒரு குழாய் திடீரென்று இறங்குவதற்கும், சொல்லிவிட்டு இறங்குவதற்கும் வித்தியாசம் உண்டு.

இப்போது கையைக் கட்டுவதும் தூக்க மருந்தும். குழாயைப் பிடுங்கிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்பது உண்மை. இரண்டு மூன்று பேரைப் பார்க்கும் சிஸ்டர் ஏன் கட்டுகிறார் என்று எனக்குப் புரிகிறது. ஆனால் பேச முடியாதவருக்குக் கைதான் வாய். நீங்கள் பக்கத்தில் நிற்கும் நேரமெல்லாம் ஒரு கையையாவது அவிழ்த்துவிடுங்கள். ஐ.வி. லைன் போடும்போது முடிந்தவரை எழுதும் கையை விட்டுவிடச் சொல்லுங்கள். பதறுகிறார் என்றதும் மருந்தைக் கேட்பதற்கு முன்னால் குழாய் அடைத்திருக்கிறதா, ஆக்சிஜன் சரியா, சளி நிற்கிறதா, வலியா, ஏதாவது சொல்ல வருகிறாரா என்று வரிசையாகப் பாருங்கள். 2000-இல் சிகாகோவில் ஜான் கிரெஸ் குழு 128 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், தினமும் தூக்க மருந்தை நிறுத்தி விழிக்கவிட்டவர்களுக்கு வென்டிலேட்டர் நாட்களின் நடுமதிப்பு 7.3-இலிருந்து 4.9 ஆகக் குறைந்தது. அதன் பிறகுதான் உலகெங்கும் நோயாளிகளைக் கூடுமானவரை விழிப்போடு வைத்திருக்கத் தொடங்கினார்கள். விழித்திருக்கிறவர் பேசத்தான் செய்வார். அவருக்குப் பதில் சொல்ல ஒருவர் இருந்தால்தான் அந்த விழிப்பு அவருக்கு நல்லது.

எழுதத் தெரிந்தவருக்குப் பரீட்சை அட்டையும் தடித்த ஸ்கெட்ச் பேனாவும் போதும். தலைமாட்டை உயர்த்தி, முழங்கைக்கு அடியில் தலையணை வைத்து, அட்டையை நீங்கள் பிடியுங்கள். எழுத்து ஒன்றின் மேல் ஒன்று விழும். ஒவ்வோர் எழுத்தும் முடிந்ததும் தாளை நகர்த்துங்கள். கையே எழவில்லை என்றால் எழுத்து அட்டை. ஜான்-டொமினிக் போபி என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர், உடல் முழுதும் செயலிழந்த நிலையில் ஒருவர் எழுத்துகளைச் சொல்லச் சொல்ல, இடது இமையை மூடித் திறந்தே ஒரு புத்தகம் முழுவதையும் சொல்லி முடித்தார். அது 1997-இல் வெளிவந்தது. ஆங்கில ஐசியூ அட்டைகளில் 26 எழுத்து. நம்மிடம் 247 இருக்கிறதே என்று மலைக்க வேண்டாம். நம் எழுத்துமுறையே இதற்கு வழி வைத்திருக்கிறது. அட்டையில் நான்கு வரி எழுதுங்கள். முதல் வரியில் உயிர் பன்னிரண்டு. அடுத்து க ச ட த ப ற. அடுத்து ங ஞ ண ந ம ன. கடைசியில் ய ர ல வ ழ ள. “இந்த வரியிலயா?” என்று விரல் வைத்துக் கேளுங்கள், வரி கிடைத்ததும் எழுத்து எழுத்தாக நகருங்கள். புள்ளியும் வேண்டாம், உயிர்மெய்க் குறியும் வேண்டாம், அட்டையில் உள்ள எழுத்து மட்டும் போதும். ம, க என்று வந்தால் “மகனா? மகளா?” என்று நீங்களே கேட்டுவிடலாம். சொல்லின் முதல் எழுத்தைத் தேடும்போது ண, ற, ன, ழ, ள எல்லாவற்றையும் தாண்டிவிடலாம். தமிழ்ச் சொல் எதுவும் அவற்றில் தொடங்காது. பாதிச் சொல்லில் ஊகித்துவிட்டால் சொல்லிப் பாருங்கள், ஆனால் அவர் ஆம் சொல்லாமல் முடிவுக்கு வராதீர்கள்.

படிக்காதவருக்குப் படம். கடையில் வாங்கத் தேவையில்லை. மேற்சொன்ன பத்துப் பன்னிரண்டு தேவைகளை நீங்களே வரைந்து லேமினேட் செய்துகொள்ளலாம். தண்ணீர்ச் சொம்பு, விசிறி, போர்வை, பெட்பேன், கடிகாரம், குடும்பம், டாக்டர், சாமி படம் அல்லது சிலுவை அல்லது பிறை. துடைக்கக்கூடிய அட்டையாக இருக்கட்டும், தொற்று பரவாது. தண்ணீர் கேட்பவருக்குக் குடிக்கக் கொடுக்க முடியாது. ஆனால் ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிட்டால் அவர் முகம் மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள்.

வடமாநிலத்தவர் வந்தால், தர்த் (வலி), பானி (தண்ணீர்), ஸான்ஸ் (மூச்சு) என்ற மூன்று சொற்களோடு தொடங்கலாம். அதைவிட நல்ல வழி, அவரை அழைத்து வந்த கூட்டாளியிடமோ ஊரில் உள்ள மனைவியிடமோ, குழாய் பற்றிய விளக்கத்தையும் பத்துக் கேள்விகளையும் அவர்கள் மொழியிலேயே போனில் பேசிப் பதிவு செய்து வாங்கிக்கொள்வது. ஒடியாவா, வங்காளமா, போஜ்புரியா என்று முதலில் கேளுங்கள். எல்லோருக்கும் இந்தி தெரியும் என்று இல்லை. பழக்கமான குரலில் தன் மொழியைக் கேட்கும்போது அவர் அடையும் நிதானம் எந்த ஊசியிலும் வராது. பதிவை ஹெட்போனில் கேட்க வைத்தால், அதை மட்டும் கிருமிநாசினியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

ஒரு ஷிஃப்டில் இரண்டு மூன்று பேரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். வென்டிலேட்டர் நோயாளிக்கு ஒரு சிஸ்டர் என்பதுதான் இருக்க வேண்டிய கணக்கு. அதைக் கேட்டுக்கொண்டே இருப்பது நம் சங்கங்களின் கடமை. ஆனால் இந்தப் பேச்சுக்குத் தனி நேரம் பெரும்பாலும் தேவையில்லை. வாய் துடைக்கும்போதும் புரட்டும்போதும் எப்படியும் அவர் முகத்தருகே நிற்கிறீர்கள். அந்த நேரத்தில் பக்கத்துப் படுக்கை சிஸ்டரோடு பேசுவதை இவரிடம் பேசினால் போதும். பிரிட்டனில் பாட் ஆஷ்வொர்த் என்ற செவிலியர் ஐசியூக்களில் உட்கார்ந்து கவனித்து 1980-இல் எழுதியதும் இதுதான்: பேச்சு மிகக் குறைவு, இருந்ததும் செய்யப்போகும் வேலையைப் பற்றித்தான். நாற்பது ஆண்டு கழித்தும் நம் வார்டுகளுக்கு அது பொருந்துகிறது என்பது எனக்கு வருத்தம்.

சிரிக்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். 1952-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் போலியோ பெருவாரியாகப் பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர், கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார். இயந்திரங்கள் போதாததால் ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்துப் படுக்கையருகே உட்கார்ந்து இரவும் பகலும் பையை அழுத்தினார்கள். அழுத்திக்கொண்டே குழந்தைகளுக்குக் கதை வாசித்தார்கள், பேசினார்கள். இன்றைய ஐசியூவின் தொடக்கம் என்று எல்லோரும் குறிப்பிடுவது அந்த வார்டைத்தான். பையின் இடத்துக்கு இயந்திரம் வந்தது சரிதான். பக்கத்தில் உட்கார்ந்து பேசிய ஆளும் அதோடு போக வேண்டும் என்று யாரும் முடிவு செய்யவில்லை.

டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைப்பது) செய்தவர்களுக்குக் கூடுதல் வழிகள் உண்டு. பேச்சு வால்வு என்று ஒன்று இருக்கிறது: மூச்சை உள்ளே விடும், வெளிவரும் காற்றைக் குரல்நாண் வழியே திருப்பும். இதில் பெயர்பெற்ற பாஸி-மியூர் வால்வை வடிவமைத்த டேவிட் மியூர், தசைச்சிதைவு நோயால் தானே வென்டிலேட்டரில் இருந்தவர். உங்கள் மருத்துவமனையில் கிடைத்தால் டாக்டரும் பேச்சுப் பயிற்சியாளரும் சேர்ந்து முடிவு செய்யட்டும். ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது: கஃப்பில் காற்று இருக்கும்போது இந்த வால்வைப் போட்டால் மூச்சு உள்ளே போகும், வெளியே வர வழியிருக்காது. கஃப்பை முழுக்க இறக்கிய பிறகுதான் வால்வு. வால்வு போட்டவர் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும்.

குழாய் எடுத்தவர்களுக்குச் சில நாள் குரல் கரகரக்கும், தொண்டை எரியும். அதையும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், பயப்பட மாட்டார்கள். அவர்கள் சாதாரண வார்டுக்கு மாறிய பிறகு, டியூட்டி முடிந்து போகும் வழியில் ஒருமுறை எட்டிப் பார்த்து, “அன்னிக்கு என்ன சொல்ல வந்தீங்க? எங்களுக்கு எது புரியல?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதில் உங்கள் பட அட்டையில் இல்லாதது எதுவோ, அதை அட்டையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.